வாய் மூடிய படங்கள்

கடைசியாக நான் அவளை உயிரோடு பார்த்தது கண்ணாடியில்தான், தம்பி. நேருக்கு நேர் பார்க்கவில்லை. நான் கேமரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போகிறேன். அவள் எனக்கு முதுகைக் காட்டி வாஷ்பேசின் முன்னால் நின்று, ஒரு சின்ன பிரஷ்ஷை வைத்துப் பல்லுக்கும் கம்பிக்கும் நடுவே குடைந்துகொண்டிருக்கிறாள். வாய் நிறைய நுரை. கண்ணாடியிலேயே என்னைப் பார்த்து, நுரையைத் துப்பிவிட்டு, "இன்னைக்குக் கம்பிய டைட் வைக்கப் போகணும். கூட வாரீங்களா?" என்றாள். முகூர்த்த நாளில் போட்டோக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது? அதைத்தான் சொன்னேன். கோபமாகச் சொல்லவில்லை. சும்மா பேசுவது போலத்தான் சொன்னேன். அவளும் தலையை ஆட்டிவிட்டு மறுபடி குடைய ஆரம்பித்துவிட்டாள். அவ்வளவுதான்.

இந்தப் பல் ஆஸ்பத்திரியில் யாருக்காக வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன். என் வீட்டுக்காரிக்காகத்தான் வந்தேன். வந்த வேலை முடிந்துவிட்டது. இந்தத் தென்காசிச் சாரல் கொஞ்சம் விட்டால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடுவேன். புளியங்குடிக்குப் போக வேண்டும்.

உங்கள் வீட்டம்மா உள்ளே போனதைப் பார்த்தேன். பல்லுக்கு க்ளிப்தானே? பயப்பட ஒன்றும் இல்லை. முதல் வாரம்தான் பாடு. உதட்டின் உள்பக்கம் கம்பி உரசிப் புண்ணாகும். இங்கேயே மெழுகு தருவார்கள், கடுகளவு உருட்டிக் கம்பிமேல் ஒட்டிக்கொண்டால் போதும். ரசஞ்சாதத்தை நன்றாகக் குழைத்துவிட வேண்டும். இட்லியைப் பாலில் ஊறப்போட்டும் சாப்பிடலாம். முறுக்கு, கடலை, கொய்யாக்காய், கரும்பு, இதெல்லாம் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. அல்வா கூடவே கூடாது. அல்வா கம்பியில் ஒட்டினால் எடுக்க முடியாது.

எனக்கு இவ்வளவும் தெரியும். அவள் செய்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. நான் எதையும் குழைத்துக் கொடுத்ததில்லை. அதற்கு அவள் என்னைக் கூப்பிட்டதும் இல்லை. அல்வா மட்டும் திருநெல்வேலிக்கு ஒரு வேலையாகப் போனபோது வாங்கி வந்துவிட்டேன். மறந்துபோய்த்தான். இரண்டாம் தடவையும் மறந்துவிட்டேன். அவளுக்கு அல்வா என்றால் உயிர், பாருங்கள், கை பழக்கத்தில் வாங்கிவிட்டது. பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள்.

அவள் பெயர் உலகம்மாள். நான் உலகு என்று கூப்பிடுவேன். முன்பல் கொஞ்சம் எடுப்பாக இருக்கும். எத்துப்பல் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. தெரிந்திருந்தால் கட்டியிருப்பேனா? ஆனால் தொழில் என்று ஒன்று இருக்கிறது. எங்கள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த முதலாளி. அவர்தான் கேமராவுக்குப் பின்னாலிருந்து, "பொண்ண வாய மூடிக்கிடச் சொல்லுடே" என்றார். எனக்குச் சத்தமாகச் சொல்ல மனசு வரவில்லை. இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினேன். அவள் புரிந்துகொண்டு மூடிக்கொண்டாள். படம் நன்றாக வந்தது.

அதற்குப் பிறகு நான் தனியாக ஸ்டுடியோ வைத்தேன். நாங்களும் எத்தனையோ படம் எடுத்துக்கொண்டோம். மகள் சுபாஷினி பிறந்தபோது, காது குத்தியபோது, புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது. ஒவ்வொரு தடவையும் நான் இரண்டு விரலைச் சேர்ப்பேன், அவள் மூடிக்கொள்வாள். போகப் போக விரலுக்கே வேலை இல்லாமல் போயிற்று. நான் கேமராவைத் தூக்கினாலே அவள் வாய் தானாக மூடிக்கொள்ளும். மனிதர்களுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நான் தொழில் செய்தேன், தம்பி. மாறுகண்ணாக இருந்தால் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி உட்கார வைப்பேன். கழுத்தில் தழும்பு இருந்தால் சேலையை ஏற்றிவிடச் சொல்வேன். அப்படித்தான் இதுவும்.

ஸ்டுடியோவில் முன்னால் உட்கார்ந்து வாடிக்கையைப் பார்த்துக்கொண்டது அவள்தான். குழந்தையைப் படம் எடுக்க யாராவது கொண்டுவந்தால் என் முதுகுக்குப் பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டுவாள், பூனை மாதிரி கத்துவாள். குழந்தை சிரிக்கும். அவளும் சிரிப்பாள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு. யார் எதிரில் சிரித்தாலும் அந்தக் கை மேலே வந்துவிடும். அவள் சுபாவம் அது என்றே நினைத்திருந்தேன்.

மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்த சமயம். ஒரு நாள் பாஸ்போர்ட் படம் எடுக்க ஒரு டீச்சர் வந்தார். உலகு வயதுதான் இருக்கும். வாய் நிறையக் கம்பி. நான் உள்ளே லைட்டைச் சரி பண்ணிவிட்டு வருவதற்குள் இவள் அவரிடம் எல்லாம் கேட்டு வைத்திருக்கிறாள். எந்த டாக்டர், வலிக்குமா, எத்தனை பல்லைப் பிடுங்குவார்கள், ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று. அன்றைக்குச் சாயங்காலமே, தானும் க்ளிப் போடப்போவதாகச் சொல்லிவிட்டாள். கேட்கவில்லை, சொன்னாள்.

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னேன். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயதில் அம்மாக்காரி க்ளிப் போட்டுக்கொண்டு நின்றால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன். இனிமேல் உன் பல்லை யார் பார்க்கப் போகிறார்கள் என்றும் கேட்டேன். அதற்கு அவள், "நான் பாக்கணும்" என்றாள்.

முதலில் நாலு பல்லைப் பிடுங்கினார்கள். பிறகு கம்பி. தனியாகவே பஸ் ஏறி வருவாள், தனியாகவே போவாள். டைட் வைத்த அன்றைக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கும். மாத்திரை போட்டுக்கொண்டு கவிழ்ந்து படுத்துவிடுவாள். கல்யாண வீட்டுக்குப் போனால் இலையில் பாதி அப்படியே இருக்கும். கை கழுவிய கையோடு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மண்டபத்துப் பின்பக்கம் போய்விடுவாள். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "என்ன மதினி, வாய்க்குக் கிரில் கேட் போட்டாச்சா? அண்ணன் பூட்டு போட்டுச் சாவிய எடுத்துக்கிடட்டும்" என்று என் சித்தி மகன் கேட்டான். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லாரும் சிரிக்கும்போது நான் மட்டும் எப்படி உர்ரென்று இருப்பது?

ஆனால் அவளும் சிரித்தாள், தம்பி. அதைத்தான் சொல்ல வந்தேன். கையை வைத்துப் பொத்திக்கொள்ளவில்லை. கம்பி தெரிய, வாய் கொள்ளாமல் சிரித்தாள். வீட்டுக்கு வந்து ஏன் அப்படிச் சிரித்தாய் என்று கேட்டேன். "இப்ப எல்லாரும் கம்பியத்தான பாக்காங்க. பல்ல யாரு பாக்கா" என்றாள். அன்றிலிருந்து அப்படித்தான். ஸ்டுடியோவில் சிரித்தாள், காய்கறிக்காரியிடம் சிரித்தாள், டிவியைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்புச் சத்தமே வேறு மாதிரி இருந்தது. கை பொத்தாத சிரிப்பு எட்டு வீட்டுக்குக் கேட்கும். எனக்கு அது பழகவில்லை. கம்பி எடுக்கட்டும், எல்லாம் அடங்கிவிடும் என்று இருந்தேன்.

அந்த வருடக் குற்றாலச் சீசனுக்கு அவள் தங்கச்சி ஆவுடை வந்து கூட்டிப்போனாள். பெண்கள் மட்டும் போனார்கள். ஐந்தருவியில் குளித்து ஏறியதும் உலகுவின் போனை வாங்கி ஆவுடை ஒரு படம் எடுத்திருக்கிறாள். தலை ஒழுகுகிறது, நெற்றியில் பொட்டு இல்லை, சேலை உடம்போடு ஒட்டிக்கிடக்கிறது. வாய் முழுக்கத் திறந்து சிரிக்கிறாள், கம்பி பளபளவென்று தெரிகிறது. வந்ததும் எனக்குக் காட்டினாள். ஃபோகஸ் சரியில்லை என்றேன். உண்மையாகவே சரியில்லை, தம்பி. பின்னால் இருக்கிற பாறைதான் தெளிவாக விழுந்திருந்தது.

ஆவணியில் போய்விட்டாள்.

அன்றைக்கு நான் சங்கரன்கோவிலில் கல்யாணத்தில் இருந்தேன். தாலி கட்டெல்லாம் முடிந்து, வெயில் இறங்குவதற்குள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒரு தோப்பில் வைத்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். போன் வருகிறது. 'சிரிங்க, இன்னும் கொஞ்சம் சிரிங்க' என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே காதில் வைத்தேன். டைட் வைத்துவிட்டு வந்துவிட்டதாகச் சொன்னாள். "தலை வலிக்கு. எப்பவும் போல இல்ல" என்றாள். டைட் வைத்தால் வலிக்கத்தானே செய்யும், மாத்திரையைப் போட்டுவிட்டுப் படு என்றேன். யாராக இருந்தாலும் அதைத்தானே சொல்வார்கள்? நீங்களாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். சரி என்று வைத்துவிட்டாள். நான் வெளிச்சம் இருக்கிற வரைக்கும் எடுத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். க்ளிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். இதை ஏன் சொல்கிறேன் என்றால் உங்கள் வீட்டம்மா உள்ளே இருக்கிறார்கள், நீங்கள் வேறு எதையாவது நினைத்துக்கொண்டுவிடக் கூடாது.

படத்துக்கு வருகிறேன். அதுதான் பேச்சு.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் பெரிய படம் வைக்க வேண்டும். நான் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்தேன். போட்டோக்காரன் பெண்டாட்டிக்குப் படத்துக்கா பஞ்சம்? ஆனால் எதைப் பார்த்தாலும் உதட்டை இறுக்கிக்கொண்டு, யாரோ திட்டிவிட்ட மாதிரியே நிற்கிறாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசியில் அவள் அம்மா போனை எடுத்து அந்த ஐந்தருவிப் படத்தைக் காட்டினாள். "இதுலதாம்ப்பா அம்மா அம்மா மாதிரி இருக்கா. இதையே போடுங்க" என்றாள்.

போடுகிறேன் என்றுதான் வாங்கினேன். ஸ்டுடியோவைத் திறந்து, உள்பக்கமாகத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் தலைமயிரைத் துவட்டினேன். அப்படித்தான் தோன்றியது, தம்பி, கம்ப்யூட்டரில் செய்கிறேன் என்றே இல்லை, துண்டை வைத்துத் துவட்டுவது போலவே இருந்தது. பொட்டு வைத்தேன். கழுத்துக்குக் கீழே ஒரு பட்டுச்சேலையைக் கொண்டுவந்தேன். பிறகு கம்பி. கம்பியை அழித்தால் அடியில் பல் சரியாக இல்லை. பிடுங்கின இடத்தில் சந்து இன்னும் மூடவில்லை. பாதி வேலையில் நிற்கிற பல். அதை அப்படியே மாலை போட்டு ஊருக்குக் காட்டுவதா? அவள் எதற்காக இவ்வளவு பாடு பட்டாள்? அந்தச் சங்கரன்கோவில் கல்யாணப் பெண்ணுக்கு நல்ல பல். அன்றைக்கு எடுத்த படம் எல்லாம் அதே கம்ப்யூட்டரில் இருந்தது. அந்தப் பல்லை எடுத்து வைத்தேன். அளவு குறைத்து, கொஞ்சம் நிறம் மங்க வைத்து, உதட்டு ஓரத்தில் நிழல் கொடுத்தேன். ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. அவள் ஆசைப்பட்டதை முடித்துக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கையாளர் முகம் கோணலாக விழுந்த படத்தை நான் வைத்துக்கொள்ளவே மாட்டேன். கண்ணை மூடினது, தும்மினது, மாராப்பு விலகினது, எதுவாக இருந்தாலும் அன்றைக்கே அழித்துவிடுவேன். நாளைக்கு யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்குத்தானே கேவலம்? என் முதலாளி அப்படி நெகட்டிவைக் கொளுத்துவார். அதே கைதான். புதுப்படம் தயாரானதும் பழையதைக் கம்ப்யூட்டரிலிருந்தும் எடுத்துவிட்டேன், போனிலிருந்தும் எடுத்துவிட்டேன். மரியாதை என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

பதினாறு அன்றைக்குத் துணியை விலக்கினதும் அழுகை பொங்கும் என்று பார்த்தால் ஒருவரும் அழவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். யாரோ ஒரு அம்மா, ரொம்ப லட்சணமாக இருக்கிறது என்றார். ஆவுடை கிட்டே போய்ப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அத்தான், இது யாரு?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். சுபா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பழைய படம் எங்கே என்று கேட்டாள். சொன்னேன். அவள் கத்தியிருந்தால் தேவலை. கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் உள்ளே போய் வந்தவர்களுக்குச் சாப்பாடு பரிமாற ஆரம்பித்துவிட்டாள்.

படம் வீட்டில்தான் மாட்டியிருக்கிறது. கழற்றினால் சுவர் மொட்டையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மகள் பொங்கலுக்கு வந்தாள், அந்தச் சுவர்ப் பக்கமே முகத்தைத் திருப்பவில்லை. என்னோடு பேசுகிறாள், பேசாமல் இல்லை. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்பாள். அதற்குமேல் பேச்சு ஓடாது. இப்போது முதல் திவசம் வருகிறது. போன வாரம் போனில் பேசினாள். "அம்மா வாயோட ஒரு படம் கிடைக்குமான்னு பாருங்கப்பா. கிடைச்சா வாரேன். இப்ப மாட்டியிருக்கதுக்குக் கீழ உக்காந்து என்னால கும்பிட முடியாது" என்றாள்.

ஆவுடையிடம் கேட்டேன், இல்லை. கல்யாண வீடுகளில் மற்றவர்கள் எடுத்த வீடியோவை எல்லாம் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். அவள் எங்கேயாவது ஓரத்தில் தெரிவாள். கேமரா தன் பக்கம் திரும்புவது தெரிந்ததும் வாயை மூடிக்கொள்வாள். க்ளிப் போட்ட பிறகு எடுத்த வீடியோவிலும் அப்படித்தான். ஆள்களுக்கு முன்னால் சிரிக்கப் பழகிக்கொண்டாள், கேமராவுக்கு முன்னால் பழகவில்லை. அதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

அப்புறம்தான் இந்த இடம் ஞாபகம் வந்தது. க்ளிப் போடுவதற்கு முன்னால் படம் எடுத்து வைத்துக்கொள்வார்கள் என்று அவள் சொல்லியிருக்கிறாள். சிரிக்கச் சொல்லி முகத்தை ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பல்லை மட்டும் கிட்டத்தில் சில படம். உங்கள் வீட்டம்மாவுக்கும் இப்போது உள்ளே எடுத்துக்கொண்டிருப்பார்கள். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தேன். கவுன்ட்டரில் இருக்கிற அந்தப் பெண்ணுக்கு உலகுவை நன்றாக ஞாபகம் இருக்கிறது. உள்ளே வரும்போதே சிரித்துக்கொண்டு வருவார்களே அந்த அம்மாவா என்று கேட்டது. இறந்துவிட்டாள் என்று சொன்னதும் அதன் கண் கலங்கிவிட்டது. ரொம்ப நேரம் கம்ப்யூட்டரில் தேடியது. நான் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ பேர் என் ஸ்டுடியோவில் அப்படி நின்றிருக்கிறார்கள், படம் கிடைக்குமா என்று. நான் நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

பல் படம் மட்டும் இருந்தது. முகம் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டேன். அந்தப் பெண் சொல்லத் தயங்கியது. பிறகு சொன்னது. முதல் நாள் முகத்தை எடுக்கக் கூப்பிட்டபோது அவள்தான் வேண்டாம் என்றாளாம். "மூஞ்சிய எங்க வீட்டுக்காரரு எடுப்பாரு. அவரு போட்டோக்காரரு. எல்லாம் முடியட்டும், அவர எடுக்கச் சொல்லணும்" என்றாளாம். டாக்டரும் சிரித்துவிட்டுச் சரி என்று விட்டுவிட்டாராம்.

என்னிடம் அவள் இதைச் சொன்னதே இல்லை, தம்பி. ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எடுத்திருக்க மாட்டேனா? கம்பியோடு எடுத்திருப்பேன், கம்பி இல்லாமலும் எடுத்திருப்பேன். நீங்கள் ஏன் தலையைக் குனிந்துகொள்கிறீர்கள்? எடுத்திருப்பேன்.

சாரல் விட்டுவிட்டது போலிருக்கிறது. கதவு திறக்கிறது, உங்கள் வீட்டம்மாதான். போய்க் கூட்டி வாருங்கள், இவ்வளவு நேரம் திறந்து வைத்து வாய் கடுத்திருக்கும், உடனே பேச வராது.

இந்தக் கவரையா கேட்கிறீர்கள்? அந்தப் பல் படங்கள்தான். அச்சுப் போட்டுக் கொடுத்தார்கள். நல்ல வெளிச்சத்தில் எடுத்திருக்கிறார்கள், ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகத் தெரிகிறது. கண் இல்லை, மூக்கு இல்லை. எல்லாப் படமும் மேலுதட்டில் தொடங்கி மோவாயில் முடிந்துவிடுகிறது.